கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்: பிப்புக்கு வந்த பணம் ஏன் கைவிட்டுப் போனது?

மூன்றாம்படி:

டிக்கன்ஸின் இந்த நாவலைப் படித்து முடித்தாயிற்று. கொல்லர் ஜோவின் வீட்டில் வளரும் அனாதைப் பையன் பிப், யாரென்று தெரியாத ஒருவர் தரும் பணத்தில் சீமானாகிறான். கொடுத்தவர் நாடுகடத்தப்பட்ட கைதி மாக்விட்ச் என்று பின்னால் தெரிகிறது. இந்தக் கதையில் குழப்பமில்லை. அதற்குள் ஓடும் பணமும் சட்டமும் மரியாதை விதிகளும்தான் பிடிபடவில்லை. பாட உரைகளைப் புரட்டினால் ‘வர்க்கம்’, ‘குற்றவுணர்வு’ என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

1. ஆண்டுக்கு 500 பவுண்டு என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய தொகை? அது வந்தும் பிப் ஏன் கடனில் மூழ்குகிறான்?

2. பிப் சிறுவயதில் போய்வரும் பணக்கார வீட்டு மிஸ் ஹாவிஷாமின் அப்பா பீர் வடித்துச் சம்பாதித்தவர். அது கௌரவம். ஜோ இரும்படிப்பது கௌரவக் குறைச்சல். எல்லைக்கோட்டை எங்கே போட்டார்கள்?

3. மாக்விட்ச் பிடிபட்டதும் மொத்தச் சொத்தும் அரசுக்குப் போகிறது. ஜாகர்ஸ் மாதிரி ஒரு வக்கீலைக் கையில் வைத்துக்கொண்டு இதைத் தடுக்க முடியாதா?

4. என் பிரதியில் பிப்பும், மிஸ் ஹாவிஷாம் வளர்த்த, அவன் காதலிக்கும் எஸ்டெல்லாவும் கடைசியில் பாழடைந்த தோட்டத்தில் சந்திக்கிறார்கள். வேறொரு பதிப்பில் லண்டன் பிக்காடிலி தெருவில் சந்திக்கிறார்களாமே, எது சரி?

---

பழையபிரதி:

முதல் கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன்.

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கினி என்றால் 21 ஷில்லிங். வக்கீல், மருத்துவர் கட்டணம், குதிரை விலை போன்ற பெரிய மனிதர்களின் வரவுசெலவு கினியில்தான் பேசப்படும். இதை மனதில் வைத்து நாவலைப் புரட்டுங்கள். பிப்பைத் தொழில் பழகச் சேர்ப்பதற்காக மிஸ் ஹாவிஷாம் பையில் போட்டுத் தருவது 25 கினி. லண்டன் போகப் புதுத்துணி எடுக்க ஜாகர்ஸ் வைத்துவிட்டுப் போவது 20 கினி. மாக்விட்ச் ஆள் மூலம் முதலில் அனுப்புவதோ இரண்டு ஒரு பவுண்டு நோட்டு. ஊரிலுள்ள மாட்டுச் சந்தைகளை எல்லாம் சுற்றிவந்தது போல் அழுக்கேறியவை. பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அலகைக் கொண்டே டிக்கன்ஸ் காட்டிக்கொடுத்துவிடுகிறார். பிப்தான் கவனிக்கவில்லை.

இனி 500. அக்காலத்துப் பண்ணைக் கூலிக்கு வாரம் ஏறத்தாழ 10 ஷில்லிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 26 பவுண்டு. மிஸ் ஹாவிஷாமின் 25 கினியைப் பவுண்டாக்கினால் 26 பவுண்டு 5 ஷில்லிங், அதாவது ஒரு கூலியாளின் ஓராண்டு உழைப்பு. பிப்பின் 500 பவுண்டு அதே ஆளின் 19 ஆண்டு உழைப்பு. டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையில் வரும் எழுத்தர் பாப் கிராட்சிட்டுக்கு வாரம் 15 ஷில்லிங். அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு பெரிய குடும்பத்தையே நடத்துகிறார். ஒண்டிக்கட்டையான ஓர் இளைஞனுக்கு 500 தாராளம்.

பிறகு ஏன் கடன்? 500 பவுண்டு நோட்டு அவன் கைக்கு வருவதே 21ஆம் பிறந்தநாளில்தான். அதற்கு முன்பே சீமான் வாழ்க்கை ஆரம்பமாகிவிட்டது. மஞ்சள் வெயிஸ்ட்கோட் மாட்டிய வேலைக்காரப் பையன் ஒருவன். அவனுக்குத் தர வேலையே கிடையாது. ‘ஃபிஞ்ச்சஸ் ஆஃப் தி குரோவ்’ என்றொரு கிளப். பதினைந்து நாளுக்கு ஒருமுறை விலையுயர்ந்த விருந்து சாப்பிட்டுவிட்டுச் சண்டை போட்டுக்கொள்வதைத் தவிர அங்கே வேறு காரியம் இல்லை. போதாததற்கு நகைக்கடைப் பாக்கி.

34ஆம் அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். பிப்பும் அவனோடு தங்கியிருக்கும் நண்பன் ஹெர்பர்ட்டும் நல்ல காகிதம், புதுப் பேனா எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு கடன் பட்டியல் எழுதுகிறார்கள். ஹெர்பர்ட் தர வேண்டியது 164 பவுண்டு 4 ஷில்லிங் 2 பென்ஸ் என்றால் கொஞ்சம் இடம் விட்டு 200 என்று போட்டுக்கொள்வது. தன்னுடையது அதைப்போல் நான்கு மடங்கு என்றால் 700. இது பிப் கண்டுபிடித்த முறை. விட்ட இடம் கையிலிருக்கும் காசு போலத் தோன்றுவதால், உடனே அந்த அளவுக்குப் புதுக்கடன் வாங்கிவிடுகிறார்கள். கடன் அட்டை வைத்திருக்கும் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

கடைசியில் நகைக்கடைப் பாக்கி 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸுக்குக் கைது செய்ய ஆள் வருகிறது. காய்ச்சலில் கிடந்தவனைப் பராமரித்த ஜோ, அதையும் கட்டி ரசீதை வைத்துவிட்டுப் போகிறார். மேலே சொன்ன கூலிக் கணக்கில் ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவான தொகை அது. ஜோவின் வருமானம் எவ்வளவு என்று நாவல் சொல்வதில்லை. கிராமத்துப் பட்டறையிலிருந்து அவ்வளவு தொகையை எடுத்துக் கொடுப்பது எளிதல்ல என்பது மட்டும் நிச்சயம்.

டிக்கன்ஸுக்கு இது ஏட்டறிவு அல்ல. 1824இல் அவருடைய அப்பா மார்ஷல்சி கடன் சிறைக்குப் போனது 40 பவுண்டு 10 ஷில்லிங்குக்காக.

---

கீழ்த்திசை:

ரெண்டாவது கேள்விக்குப் பதில் நாவலுக்குள்ளயே இருக்குங்க. 22ஆம் அத்தியாயம், லண்டனில் தங்குற பார்னர்ட்ஸ் இன்னில் பிப்பும் ஹெர்பர்ட்டும் சாப்பிடுற இடம். ரொட்டி சுடறவன் பெரிய மனுஷனா இருக்க முடியாது, பீர் வடிக்கிறவன் எவ்வளவு பெரிய மனுஷனாவும் இருக்கலாம், ஏன்னு எனக்குத் தெரியாதுன்னு ஹெர்பர்ட்டே சொல்றான். சரி, ஜென்டில்மேன் பப் நடத்தலாமான்னு பிப் கேட்கிறான். கூடவே கூடாது, ஆனா பப் ஒரு ஜென்டில்மேனை வச்சுக் காப்பாத்தலாம்னு பதில் வருது.

ஹெர்பர்ட்டுக்குத் தெரியலைன்னாலும் காரணம் இருக்கு. பீர் ஆலைக்குப் பெரிய முதல் வேணும்: தொட்டிகள், கிணறு, கிடங்கு, வண்டி, குதிரை, அப்புறம் சரக்கு வாங்குற பப்புகள். முதலாளி கல்லாவில் உட்கார வேண்டாம், கையில மாவு ஒட்டாது. ரொட்டிக்காரர் ராத்திரி பிசைஞ்சு காலையில தானே விக்கணும். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக் காசு வாங்குறவரா இல்லையா, அங்கதான் கோடு. பீர் முதலாளி சாமுவேல் விட்பிரெட் 1768லேயே நாடாளுமன்றத்துக்குப் போயிட்டார்.

ஜோ கொல்லர். சொந்தப் பட்டறை, நல்ல தொழிலாளி, ஊரில் மதிப்பு உண்டு. ஆனா கை கருப்பு. அதனாலதான் எஸ்டெல்லா முதல் நாளே குறிவைக்கிறது பிப்போட கையையும் தடிச்ச பூட்ஸையும். சீட்டில் ஜாக்கியைப் பெரிய மனுஷங்க மாதிரி ‘நேவ்’னு சொல்லாம ‘ஜாக்’னு சொல்லிட்டான்னு ஒரு கேலி வேற. அன்னிக்கு வரைக்கும் அவனுக்குத் தன் கையைப் பத்தி ஒரு நினைப்பும் கிடையாது.

அதே 22ஆம் அத்தியாயத்தில் ஹெர்பர்ட் சாப்பாட்டு முறை சொல்லித் தர்ற விதத்தையும் பாருங்க. கத்தியை வாயில் வைக்கக் கூடாது, காயம் படுமேன்னுதான். ஃபோர்க்கையும் தேவைக்கு மேல உள்ள விடக் கூடாது. ஸ்பூனை மேல்பக்கமாப் பிடிக்காம அடிப்பக்கமாப் பிடிக்கணும், அப்பதான் முழங்கை சிப்பி உடைக்கிறவன் மாதிரி தூக்கிக்காது. கிளாஸைக் கவிழ்த்து விளிம்பு மூக்கில் படுற அளவுக்குக் குடிக்க வேண்டாம். நாப்கினை கிளாஸுக்குள்ள திணிக்க வேண்டாம். ஒவ்வொண்ணையும் தன் கதைக்கு நடுவுல, பிப் கூசாத மாதிரி சொல்லிட்டுப் போறான். என் கணக்கில் இந்த நாவலில் உண்மையான நாகரிகம் தெரிஞ்சவங்க ஹெர்பர்ட்டும் ஜோவும்தான். ஒருத்தனுக்கு ஸ்பூன் பிடிக்கத் தெரியும், இன்னொருத்தருக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜோ லண்டன் வர்ற 27ஆம் அத்தியாயத்தை இதோட சேர்த்துப் படிங்க. தொப்பியை எங்க வைக்கிறதுன்னு தெரியாம கணப்பு மேடை ஓரத்தில் வைக்க, அது விழுந்துட்டே இருக்கு. பிப்பை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுறார், ஒரு தடவை ‘சார்’ங்கிறார். பிப் எரிச்சல்படுறப்போ ‘சார்’ கூடுது, அவன் இளகினா குறையுது. எங்கெங்க மாறுதுன்னு பென்சிலால் குறிச்சுக்கிட்டே படிச்சா காட்சி முழுசும் விளங்கும்.

இன்னொண்ணு. லண்டன் வந்ததும் ஜோ பார்க்கப் போற இடம் பூட் பாலிஷ் கிடங்கு. சின்ன வயசில் டிக்கன்ஸ் வாரம் 6 ஷில்லிங்குக்கு லேபிள் ஒட்டினது அப்படி ஒரு கிடங்கில்தான். 1861இல் படிச்ச வாசகர்களுக்கு அது தெரியாது. அவர் இறந்தப்புறம் நண்பர் ஃபார்ஸ்டர் எழுதின வாழ்க்கை வரலாற்றில்தான் வெளிய வந்தது.

---

தாழ்வாரம்:

மூன்றாவது கேள்வி இரண்டு சட்டங்களைத் தொடுகிறது. பலரும் அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, நாடுகடத்தப்பட்டவர் தண்டனைக் காலத்துக்குள் திரும்பி வருவது. 1834 வரை அது மரண தண்டனைக் குற்றம். மாக்விட்ச் ஆயுளுக்கும் அனுப்பப்பட்டவர், ஆகவே அவர் எப்போது இங்கிலாந்தில் கால் வைத்தாலும் குற்றம்தான். நாவல் வெளியான 1860-61இல் இந்தச் சட்டம் உயிரோடு இல்லை. கதை நடப்பது அதற்கும் பல ஆண்டுகள் முன்னால். எவ்வளவு முன்னால் என்பதற்கு நாவலிலேயே தடயம் உண்டு. அழுக்கேறிய ஒரு பவுண்டு நோட்டுகள் இங்கிலாந்தில் 1797இல் வந்தவை, 1820களின் முடிவோடு புழக்கத்திலிருந்து போனவை. படகில் போகும்போது அது பழைய லண்டன் பாலம் என்று பிப் சொல்கிறான். புதிய பாலம் திறக்கப்பட்டது 1831இல். ஆக, தூக்குக்கயிறு வெறும் மிரட்டல் அல்ல. 32 ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக நிறுத்தி நீதிபதி ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லும் காட்சியை இந்தத் தேதிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, பறிமுதல். பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவரின் சொத்து மன்னருக்குச் சேரும். இது 1870இல்தான் நீக்கப்பட்டது. டிக்கன்ஸ் இறந்ததும் அதே ஆண்டில்.

ஜாகர்ஸால் தடுக்க முடியாதா என்று கேட்டீர்கள். 55ஆம் அத்தியாயம் இதை வக்கீல் குறிப்புப் போலவே சொல்கிறது. பறிமுதல் வற்புறுத்தப்படாமல் விடப்படும் வழக்குகள் உண்டு, ஆனால் இங்கே அதற்கான காரணம் ஒன்றுகூட இல்லை. பிப் ரத்த உறவு அல்ல. சட்டம் ஏற்கும் வேறு பந்தமும் கிடையாது. பிடிபடுவதற்கு முன் அவன் பெயருக்கு மாக்விட்ச் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. பிடிபட்ட பிறகு எழுதினால் செல்லாது. மனுப்போட்டுக் கொஞ்சமாவது மீட்கப் பார்க்கலாம் என்கிறார் ஜாகர்ஸ். கையிலிருந்து நழுவவிட்டாயே என்று பிப்பின் மேல் அவருக்கு எரிச்சல். பிப் மனுப்போட விரும்பவில்லை.

மாக்விட்சின் பழைய கூட்டாளியும் பகைவனுமான கம்பேசனின் பங்கை மறந்துவிடாதீர்கள். அவனுடைய பிணம் அகப்பட்டபோது உறைக்குள் இருந்த குறிப்பில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் வங்கி ஒன்றின் பெயரும் மாக்விட்சின் நிலங்களின் விவரமும் இருந்தன. பறிமுதலாகும் சொத்திலிருந்து தனக்கும் வெகுமதி கிடைக்கும் என்றுதான் காட்டிக்கொடுத்திருக்கிறான். பழைய பகை பாதி, பணம் பாதி.

அந்தப் பகைக்கு மூலமும் வர்க்கம்தான். 42ஆம் அத்தியாயத்தில் மாக்விட்ச் சொல்வதைப் பாருங்கள். திருட்டு நோட்டைப் புழக்கத்தில் விட்டதாக இருவர் மீதும் ஒரே வழக்கு. சுருட்டை முடி, கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கைக்குட்டை, போர்டிங் பள்ளியில் படித்த பேச்சு, இவற்றோடு கூண்டில் நின்ற கம்பேசனுக்கு 7 ஆண்டு. அவனுக்கு எடுபிடியாக இருந்த மாக்விட்சுக்கு 14 ஆண்டு. ஒரு ஜென்டில்மேனை உருவாக்கியே தீருவேன் என்ற வெறி மாக்விட்சுக்கு அந்த நீதிமன்றத்தில்தான் முளைத்திருக்க வேண்டும். நாவல் அதை எங்கும் நேராகச் சொல்வதில்லை, இது என் வாசிப்பு.

---

மூன்றாம்படி:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று இடிக்கிறது. மாக்விட்ச் வந்த மறுநாள் காலையிலேயே தடித்த ஒரு பாக்கெட் புத்தகத்தை மேஜையில் போட்டு ‘இது உன்னுடையது’ என்கிறாரே? அதை அப்போதே பிப் வாங்கி வைத்திருந்தால் சட்டம் என்ன செய்திருக்கும்?

---

தாழ்வாரம்:

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். ஜாகர்ஸின் எழுத்தர் வெம்மிக்கின் புலம்பலும் அதுதான். சுருட்டிக்கொண்டு போகக்கூடிய சொத்தை இன்றிரவே கைப்பற்றிவிடு, ஆளுக்கு என்ன ஆகுமோ தெரியாது, சொத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று 45ஆம் அத்தியாயத்திலேயே அவர் எச்சரிக்கிறார். பிப் செய்யவில்லை. 54இல் மாக்விட்ச் தப்பிப் போகும்போது ஆற்றில் பிடிபட்டபின், கைதியின் உடலோடு இருந்த எல்லாவற்றையும் அதிகாரி எடுத்துக்கொள்கிறார், பாக்கெட் புத்தகம் உட்பட. மாக்விட்சைக் காப்பாற்றியிருக்க முடியாது, சொத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்று வெம்மிக் பின்னால் கணக்குப் பார்க்கிறார். ஆகவே நியூ சவுத் வேல்ஸ் நிலமும் வங்கிப் பணமும் போனது சட்டத்தால், பாக்கெட் புத்தகம் போனது பிப்பின் தயக்கத்தால்.

அந்தத் தயக்கத்தை உயர்ந்த குணமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் அவன் மறுப்பது அருவருப்பால், அது கைதியின் காசு என்பதால். மாக்விட்ச் மேல் அன்பு வந்தபின் காரணம் மாறுகிறது. செயல் மட்டும் அதேதான். சொத்து முழுவதும் பறிபோகப் போகிறது என்பதை மாக்விட்ச் சாகும்வரை பிப் அவரிடம் சொல்வதில்லை. அவரோ சிறைக்குள் இருந்தபடி, பிப்புக்கு வரப்போவதாக நம்பிய சொத்துக்களின் பட்டியலை ஜாகர்ஸிடம் கொடுக்கிறார்.

---

பழையபிரதி:

இதோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. மாக்விட்சின் பணத்தில் உருப்படியான ஒரே செலவு, பிப் தன் முதல் 500இல் பாதியை, அதாவது 250 பவுண்டை, கிளாரிக்கர் என்ற வணிகரிடம் கட்டி ஹெர்பர்ட்டுக்குக் கூட்டாளி இடம் பிடிக்க முயன்றது. மீதியைத் தவணையில் கட்டுவதாக ஏற்பாடு. மாக்விட்ச் யாரென்று தெரிந்தபின் அந்தப் பணத்தைத் தொட முடியாமல் போக, மிஸ் ஹாவிஷாமிடம் 900 பவுண்டு கேட்டு வாங்கி முடிக்கிறான். தனக்கென்று ஒரு பென்னி கேட்பதில்லை. பிப் பின்னால் பிழைப்பதும் இதே கம்பெனியில்தான். கெய்ரோவில் எழுத்தராகச் சேர்ந்து பிறகு மூன்றாவது கூட்டாளி ஆகிறான்.

மிஸ் ஹாவிஷாமின் உயிலையும் விட்டுவிடாதீர்கள். உண்மையைச் சொன்ன உறவினர், ஹெர்பர்ட்டின் அப்பா மாத்யூ பாக்கெட்டுக்கு 4,000 பவுண்டு. காக்கா பிடித்த சொந்தங்களில் சேராவுக்கு மாத்திரை வாங்க ஆண்டுக்கு 25, ஜார்ஜியானாவுக்கு ஒரே தடவையில் 20, கமிலாவுக்கு நாணல்தண்டு விளக்கு வாங்க 5. இதை நேரான முகத்தோடு வந்து சொல்வது ஜோ என்பதுதான் வேடிக்கை.

---

இரவுப்பிரதி:

நான்காவது கேள்வி விடுபட்டுப் போயிருக்கிறது.

இரண்டு முடிவையும் எழுதியது டிக்கன்ஸேதான். முதலில் எழுதியதில், கணவன் ட்ரம்மிள் செத்தபின் எஸ்டெல்லா ஷ்ராப்ஷயர் டாக்டர் ஒருவரை மணந்திருக்கிறாள். பிக்காடிலியில் பிப்பைப் பார்க்கிறாள். அவனோடு இருக்கும் ஜோவின் பையனை அவனுடைய மகன் என்று நினைத்துக்கொள்கிறாள். சில வார்த்தை பேசிப் பிரிகிறார்கள். 1861 ஜூனில் நாவலாசிரியர் புல்வர் லிட்டன் அச்சுப்படியைப் படித்துவிட்டு இது வேண்டாம் என்றதும், தோட்டக் காட்சி எழுதப்பட்டது. வார இதழிலும் புத்தகத்திலும் வந்தது இரண்டாவதுதான். முதல் முடிவை ஃபார்ஸ்டர் 1874இல், வாழ்க்கை வரலாற்றின் மூன்றாம் தொகுதியில் வெளியிட்டார். 1937இல் பெர்னார்ட் ஷா கொண்டுவந்த பதிப்பு அதையே முடிவாக வைத்தது. குறிப்புரையோடு வரும் பதிப்புகள் பெரும்பாலும் அதைப் பின்னிணைப்பாகத் தருகின்றன, வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். இலவசமாக வேண்டுமென்றால் புராஜெக்ட் குட்டன்பர்க்கில் 1400ஆம் எண்.

கடைசி வாக்கியத்தையும் டிக்கன்ஸ் பின்னால் திருத்தினார். முதல் அச்சில் பிரிவின் நிழலே தெரியவில்லை என்ற பொருள். பிந்தைய பதிப்பில் இன்னொரு பிரிவின் நிழல் தெரியவில்லை. சேர்ந்தார்களா இல்லையா என்று சண்டை போடுபவர்கள், தங்கள் பிரதியில் எது அச்சாகியிருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. எனக்கு முதல் முடிவே பொருத்தம். பணம், பட்டறை, பெயர் எல்லாவற்றையும் கணக்குத் தீர்த்த ஒரு நாவலில் எஸ்டெல்லாவை மட்டும் பரிசாகக் கொடுப்பது ஒட்டவில்லை.

---

கீழ்த்திசை:

இதில் நான் ஒத்துக்க மாட்டேன். எஸ்டெல்லா யாரு? மாக்விட்சோட மகள். அம்மா மாலி, கொலை வழக்கில் ஜாகர்ஸ் தப்பவச்ச பெண், அவர் வீட்டிலேயே வேலை செய்றவ. பிப் எந்தச் சீமாட்டிக்காகக் கொல்லுப்பட்டறையை வெறுத்தானோ, அவ பிறப்பு அவனைவிடக் கீழே. அந்த வீடு இடிஞ்சு, மனையில் புதுசாக் கட்டப் போற இடத்தில் ரெண்டு பேரும் சமமா நிக்கிறது கணக்குக்குள்ளதான் வருது. பரிசுன்னு எடுத்தா பரிசு. எனக்கு அது பரிசாத் தெரியலை.

---

இரவுப்பிரதி:

பிறப்பு பற்றிய உண்மை அவளுக்குத் தெரியாதே. ஜாகர்ஸ், வெம்மிக், பிப் மூவரும் மூடி மறைத்துவிட்டார்கள். 51ஆம் அத்தியாயத்தில் ஜாகர்ஸ் கேட்பதே அதுதான்: சொல்லி யாருக்கு லாபம்? அவள் தன்னைச் சீமாட்டி என்று நம்பிக்கொண்டுதான் அந்தத் தோட்டத்தில் நிற்கிறாள். சமம் என்று நமக்கும் பிப்புக்கும் மட்டும்தான் தெரியும்.

---

மூன்றாம்படி:

51ஐ அவசரத்தில் தாண்டியிருக்கிறேன், திரும்பப் படிக்கிறேன். கடைசியாக ஒன்று: முழு நாவலையும் மறுபடி படிப்பதென்றால் எப்படிப் பிரித்துக்கொள்வது?

---

பழையபிரதி:

வந்தபடியே பிரியுங்கள். ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை 36 வாரம் வந்தது. மொத்தம் 59 அத்தியாயம், வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. முதல் வாரம் 1, 2. இதழ் விலை 2 பென்ஸ், ஆக 36 வாரத்துக்கு 6 ஷில்லிங். அதே கதை மூன்று தொகுதியாக 31 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது ஒன்றரை கினி.

அவ்வளவு நிதானம் இல்லையென்றால் மூன்று கட்டமாக: 1 முதல் 19 வரை கிராமம், 39 வரை லண்டன், பிறகு மாக்விட்ச் வந்தபின். இரண்டாவது கட்டத்தில்தான் பலர் சோர்ந்து நிறுத்துகிறார்கள். பிப் எரிச்சலூட்டும் பகுதி அது. அங்கே 22, 27, 34 மூன்றையும் மட்டும் விடாமல் படித்தால் 39க்கு வந்து சேர்ந்துவிடலாம்.